இளைஞர் குழுவின் நடத்தை விதியில் எந்தக் குணங்கள் இருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு இளைஞர் குழு தொடங்குகிறவர்களும், இருக்கிற குழுவின் பழைய விதித்தாளைத் தூசி தட்டி எடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. விளையாட்டுக் குழு, சேவைக் குழு, படிப்பு வட்டம், நாடகக் குழு எதுவானாலும் சரி, பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை உள்ளவர்கள் சேர்ந்து ஏதாவது செய்கிற இடம் என்றால் பொருந்தும். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

விதிகளை மட்டும் எழுதினால் போதாதா? குணங்கள் எதற்கு?

மாதம் ஒருமுறை கூடுகிற சின்னக் குழுவுக்கு விதிகள் மட்டுமே போதும். நேரத்துக்கு வா, அடிக்காதே, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை, அவ்வளவுதான். விதியில் இல்லாத ஒன்று நடக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒருத்தன் இன்னொருத்தனைக் கேலியாகப் படம் வரைந்து சுற்றுக்கு விட்டால் அது "அடிக்காதே" என்பதில் வராது. "வரையக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?" என்று கேட்பான், அவன் கேட்பதிலும் தப்பில்லை. அதற்காக இந்தக் கூட்டத்தில் ஒரு விதி, அடுத்த கூட்டத்தில் இன்னொரு விதி என்று சேர்த்துக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் யாரும் படிக்காத ஒரு புத்தகம்தான் மிஞ்சும். மேலே ஒரு குணத்தின் பெயர் இருந்தால், புதிதாக முளைக்கிற சம்பவத்தை அதன் கீழ் வைத்துப் பேச முடியும்.

அதற்காகக் குணங்களை மட்டும் எழுதினாலும் உருப்படாது. "அன்பு, பண்பு, பணிவு" என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு, யாராவது அதை மீறினார்களா என்று கேட்டுப் பாருங்கள். மீறினார்கள் என்று நிரூபிக்க வழியே இருக்காது. குணத்தின் பெயர் ஒன்று, அதன் கீழ் பார்த்தால் தெரிகிற நடத்தை ஒன்றோ இரண்டோ, இப்படி எழுதினால்தான் அது நடத்தை விதி.

எத்தனை குணங்கள் இருக்கலாம்?

ஐந்து. ஆறு என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1908இல் எழுதிய சாரணர் சட்டத்தில் ஒன்பது இருந்தன, 1911இல் பத்தாவது சேர்ந்தது. அதே 1911இல் அமெரிக்கச் சாரணர்கள் தங்களுக்கென்று பன்னிரண்டு வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் பிறகு ஏழாகக் குறைத்துவிட்டார்கள். செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னாவில் அறிவித்த அடிப்படைக் கொள்கைகளும் ஏழுதான். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் பதின்மூன்று குணங்களைக் குறித்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பயின்றார், பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று என்று கணக்கும் கச்சிதமாக வந்துவிட்டது. ஆனால் அது ஒரு தனி ஆள் தன் நோட்டில் தனக்காகப் போட்ட கணக்கு, ஒரு கூட்டத்துக்கு ஆகாது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் தாளைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தால் எண்ணிக்கை சரி, முடியாவிட்டால் அதிகம்.

பிராங்க்ளினிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. அவர் "மௌனம்" என்று எழுதிவிட்டு நிறுத்தவில்லை, பிறருக்கோ உனக்கோ பயன் தராததைப் பேசாதே என்று பக்கத்திலேயே ஒரு வரி போட்டார். பதின்மூன்றுக்கும் அப்படி ஒவ்வொரு வரி. நமக்கு வேண்டியது அந்த ஒற்றை வரிதான்.

சரி, எந்த ஐந்து?

என் பட்டியல்: நேர்மை, மரியாதை, பொறுப்பு, அரவணைப்பு, துணிவு.

இவற்றை உயர்ந்த குணங்களின் வரிசையிலிருந்து நான் பொறுக்கவில்லை. குழுக்கள் எதனால் உடைகின்றன என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வந்தேன். பணக் கணக்கில் இடிக்கும். யாரோ ஒருத்தர் எல்லார் முன்னாலும் அவமானப்படுவார். எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுந்து அவர் ஒருநாள் வெறுத்துப் போய் நின்றுவிடுவார். பழைய ஆட்கள் தங்களுக்குள் ஒரு வட்டமாகிப் புதியவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். கடைசியாக, எல்லாவற்றையும்விட மோசமானது, தப்பான ஒன்று நடப்பது பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தும் யாரும் வாய் திறக்காமல் இருப்பார்கள். ஐந்து குணங்களும் இந்த ஐந்துக்கும் நேர் எதிரே நிற்கின்றன.

உங்கள் குழு வேறு மாதிரி உடையும் என்றால் பட்டியலையும் மாற்றிக்கொள்ளுங்கள். மலையேறும் குழுவுக்கு எச்சரிக்கை என்பது முதலிடத்தில் வரும். விவாதக் குழுவுக்கு, எதிராளி பேசி முடிக்கும் வரை காது கொடுக்கிற பொறுமை வேண்டும்.

நேர்மையின் கீழ் என்ன எழுதுவது? "பொய் சொல்லக் கூடாது" போதாதா?

போதாது, ஏனென்றால் குழுக்களில் நேர்மை கெடுவது பெரும்பாலும் பொய்யால் நடப்பதில்லை. ஒரு பயணத்துக்குப் பணம் வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயதுப் பையன் ஒருத்தன்தான் பொருளாளர். ஒருத்தர் நோட்டாகக் கொடுக்கிறார், ஒருத்தர் சில்லறையாகக் கொடுக்கிறார், இன்னொருத்தர் "பாதி இப்போ, மீதி நாளைக்கு" என்கிறார், எல்லாம் அவன் சட்டைப் பையில் அவனுடைய பேருந்துக் காசோடு சேர்ந்து கிடக்கிறது. இரவு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவன் தூங்கிவிடுகிறான். வாரக் கடைசியில் எண்ணினால் குறைகிறது. திருடன் என்று யாருமே இல்லாத ஒரு திருட்டு! அவன் மேல் விழுந்த சந்தேகம் மட்டும் வருடக்கணக்கில் போகாது.

இந்தப் பையனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வரி எது? "குழுப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்க மாட்டோம், வாங்கிய உடனே கொடுத்தவர் கண்முன் எழுதுவோம், கணக்கை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்." உபதேசம் மாதிரியே இல்லை, ஆனாலும் நேர்மையின் கீழ் வர வேண்டியது இதுதான்.

இன்னொரு வரியும் சேர்க்கலாம்: தப்பைத் தானாக வந்து சொன்னவருக்கும், மாட்டிக்கொண்ட பிறகு ஒப்புக்கொண்டவருக்கும் ஒரே நடவடிக்கை இருக்காது. இரண்டு பேருக்கும் ஒரே திட்டு விழுகிற குழுவில் உண்மையைச் சொல்கிறவன் ஏமாளி ஆகிவிடுகிறான், பிள்ளைகள் அதை ரொம்பச் சீக்கிரம் கவனித்துவிடுவார்கள்.

மரியாதை என்பது பெரியவர்களுக்குக் கொடுப்பதுதானே?

அது மட்டும் என்றால் எழுதவே வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். எழுத வேண்டியது மற்றத் திசைகள்: மூத்தவர் இளையவருக்கு, தலைவர் உறுப்பினருக்கு, பழையவர் புதியவருக்கு. "ஒருவரை அவர் விரும்புகிற பெயரால் அழைப்போம், வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் அந்தப் பட்டப்பெயர் அன்றோடு முடிந்தது." இந்த ஒரு வரி எத்தனையோ பேரை மௌனமாகக் குழுவை விட்டுப் போகாமல் தடுக்கும். அவனும் சிரித்தானே என்பார்கள். கூட்டத்தில் தன்னைப் பற்றிய கேலிக்குச் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேலிக்கு ஆளானவர்களுக்குத்தான் தெரியும்.

உடல், நிறம், பேச்சு, பிறப்பு, குடும்ப நிலைமை, மதிப்பெண் இவற்றை வைத்து வேடிக்கை இல்லை என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். பொதுவாக எழுதினால் ஒவ்வொன்றையும் "இது அதில் வராது" என்று வாதாட ஆள் இருப்பார்கள். அப்புறம் நேரம். நாற்பது பேரை முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டு வருகிற தலைவர் மரியாதையைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

பொறுப்பு?

ஒரே வரி: "ஏற்ற வேலையைச் செய்வேன், முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வேன்." இரண்டாம் பாதிதான் முக்கியம். மண்டபச் சாவி வைத்திருப்பவருக்குக் காய்ச்சல் வருவது குற்றமில்லை, மற்ற எல்லாரும் பூட்டிய கதவின் முன் நின்ற பிறகு அவர் போனை எடுப்பதுதான் பிரச்சினை.

அரவணைப்பு என்பது மனதில் வர வேண்டியது, அதை எப்படி விதியாக்குவது?

மனதுக்கு விதி போட முடியாது, முறைகளுக்குப் போடலாம். விளையாட்டுக்கு அணி பிரிக்கிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி ஆள் கூப்பிடுகிறார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் போகிறார்கள், அப்புறம் நண்பர்கள் போகிறார்கள், வரிசை குறைந்துகொண்டே வருகிறது, கடைசியில் இரண்டு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அதிலும் ஒருவரைக் கூப்பிட்ட பிறகு மிச்சமிருப்பவரை யாரும் கூப்பிடுவதுகூட இல்லை, அவரே நடந்து போய்ச் சேர்ந்துகொள்கிறார். வாரா வாரம் அதே ஆள். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, முறைதான் கெட்டது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் அந்த ஆள் இல்லாமலே போய்விடுவார்.

ஆகவே அரவணைப்பின் கீழ் இப்படி எழுதுவேன்: அணி எண்ணித்தான் பிரிக்கப்படும், புதிதாக வருகிறவருடன் முதல் சில கூட்டங்களுக்குப் பழைய உறுப்பினர் ஒருவர் துணையிருப்பார், பணம் கட்ட முடியாதவர் யாரென்று பொருளாளரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. "எல்லாரையும் நேசிப்போம்" என்று எழுதுவதைவிட இது வறட்சியாக இருக்கலாம், இருக்கட்டும்.

துணிவு எதற்கு? இது என்ன ராணுவமா?

ராணுவத்துக்கு வேண்டிய துணிவைப் பற்றிப் பேச்சே இல்லை. கூட இருக்கிறவர்கள் சும்மா இருக்கும்போது "இது சரியில்லை" என்று சொல்கிற துணிவு. இளம் வயதில் உயரத்திலிருந்து தண்ணீரில் குதிப்பது இதைவிட எளிது.

லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. ஓர் அறையில் மாணவர்களை உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த திறப்பு வழியாகப் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை, எது நடந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்லி உட்கார வைத்தபோது, சொன்னவர்கள் வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். யாரும் அசையவில்லையே, அப்படியானால் ஒன்றும் இருக்காது என்ற நினைப்புதான் காரணம்.

குழுவில் ஒருத்தரைத் துன்புறுத்துவதும் இப்படித்தான் எல்லார் கண்முன்னும் நடக்கிறது. எனவே "துணிவாக இரு" என்று எழுதினால் பயனில்லை, யாரிடம் சொல்வது என்று எழுத வேண்டும். குழுவுக்குள் ஒருவர், குழுவுக்கு வெளியே ஒருவர், ஆக இரண்டு பேர். புகார் அந்த உள்ளே இருப்பவர் மேலேயே இருக்கலாம் இல்லையா, அதற்குத்தான் வெளியே ஒருவர். சொன்னவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஒதுக்கினால் அதுவே விதிமீறல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் மிகவும் கூச்ச சுபாவமுள்ள ஆளுக்கும் செய்ய முடிகிற அளவுக்குத் துணிவைச் சின்னதாக்குவதே விதி எழுதுகிறவரின் வேலை.

கீழ்ப்படிதல் ஏன் இல்லை? அது இல்லாமல் ஒழுங்கு எப்படி வரும்?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதிகம் கோபம் வருகிற பதிலும் இதுதான்.

1908ஆம் ஆண்டுச் சாரணர் சட்டத்தில் கீழ்ப்படிதல் இருந்தது, அதுவும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்று. பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். பிரிட்டன் சாரணர்களின் இன்றைய ஏழில் அது இல்லை. பாரத சாரண சாரணியர் சட்டத்தில் அந்த இடத்தில் கட்டுப்பாடும் பொதுச் சொத்தைக் காப்பதும் இருக்கின்றன. அமெரிக்கச் சாரணர்கள் வைத்திருக்கிறார்கள், ஆனால் விதி நியாயமற்றது என்று தோன்றினால் முறைப்படி அதை மாற்ற முயல வேண்டும் என்ற விளக்கத்தோடு. கீழ்ப்படிதலைத் தொடங்கிவைத்தவர்களே அதைத் தனியாக விட்டுவைக்கவில்லை.

ஆபத்தான நேரத்தில் உடனே சொன்னபடி செய்ய வேண்டியிருக்கும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆற்றங்கரையில் "வெளியே வா" என்றால் வரத்தான் வேண்டும், அங்கே விவாதம் கிடையாது. அதை அப்படியே எழுதுங்கள்: "தண்ணீர், தீ, சாலை, உயரம் இந்த இடங்களில் பொறுப்பாளர் சொல்வதை உடனே செய்வோம், கேள்வியைப் பிறகு கேட்போம்." எல்லை தெரிகிற விதி இது. எல்லையே இல்லாமல் "பெரியவர்கள் சொல்வதைக் கேள்" என்று எழுதினால், கெட்ட எண்ணத்தோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தால் அவர் முதலில் பயன்படுத்துவது அந்த வரியைத்தான். ஒழுங்கு வேண்டும் என்பவர்களுக்குப் பொறுப்பும் மரியாதையும் போதும், நேரத்துக்கு வருவதும் சொன்னதைச் செய்வதும் அவற்றிலேயே அடங்கிவிடும்.

விசுவாசம்? ஒற்றுமை?

இதிலும் அதே தயக்கம்தான். 1908 சட்டத்தில் சாரணன் அரசருக்கும் அதிகாரிகளுக்கும் நாட்டுக்கும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வேலை கொடுக்கிற முதலாளிக்கும் இருக்க வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள். இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் விசுவாசம் மேலே இருப்பவர்களை நோக்கித்தான் கேட்கப்படுகிறது என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது.

குழுவின் மேல் பற்று வரட்டும், அது தானாக வந்தால்தான் மதிப்பு. எழுதி வாங்கினால் "குழுவின் பெயர் கெட்டுவிடும், வெளியே சொல்லாதே" என்பதில் போய் முடிகிறது. இதை எழுதாமல் தூக்கம் வராது என்றால் இப்படி எழுதுங்கள்: "குழுவில் நடக்கும் தப்பை மறைப்பது குழுவுக்குச் செய்யும் நன்மை ஆகாது." ஒற்றுமைக்கும் இதே பதில்தான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒழுக்கம், தூய்மை, அடக்கம் இவற்றை எப்படி விடலாம்?

1911இல் சாரணர் சட்டத்தில் பத்தாவதாகச் சேர்ந்தது எண்ணம், சொல், செயல் மூன்றிலும் தூய்மை என்பது. சொல்லையும் செயலையும் பார்க்க முடியும், எண்ணத்தை யார் பார்ப்பது? பார்க்க முடியாததை விதியாக்கினால், பார்த்துவிட்டேன் என்று சொல்கிறவர் கையில் அதிகாரம் போய்ச் சேரும். அப்புறம் இந்தச் சொற்கள் நடைமுறையில் யார் மேல் பாய்கின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் என்ன உடுத்தினார்கள், யாரோடு பேசினார்கள் என்பதில்தான் போய் நிற்கும். உடை பற்றி ஏதாவது தேவை இருந்தால், வேலைக்கு ஏற்ற உடை, எல்லாருக்கும் ஒன்றே, என்று எழுதி முடித்துவிடலாம். மது, புகை, போதைப்பொருள் குழு நிகழ்ச்சிகளில் கிடையாது என்பதை வெளிப்படையாகவே எழுதுங்கள், அதற்கு ஒழுக்கம் என்ற பெரிய குடை தேவையில்லை.

இறைநம்பிக்கை?

மத அமைப்பின் குழு என்றால் இருக்கும், சேர்கிறவருக்கும் தெரியும். பல நம்பிக்கை உள்ளவர்களும் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிற குழு என்றால் "மற்றவர் நம்பிக்கையைக் கேலி செய்ய மாட்டோம், யாரையும் வழிபட வற்புறுத்த மாட்டோம்" என்று மரியாதையின் கீழ் வைத்துவிடுங்கள்.

எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருப்பது?

பழைய சாரணர் சட்டத்தில் எந்தச் சூழ்நிலையிலும் சிரித்துக்கொண்டு சீட்டியடிக்க வேண்டும் என்றே இருந்தது. அழ வேண்டிய நாளில் ஒரு பிள்ளை அழட்டும். விட்டுவிடுங்கள்.

"செய்யாதே" என்று எழுதக் கூடாது, எல்லாம் நேர்மறையாக இருக்க வேண்டும் என்கிறார்களே?

பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், எனக்கு முழு உடன்பாடில்லை. திருக்குறளின் அறத்துப்பாலைத் திறந்து அதிகாரத் தலைப்புகளை மட்டும் பாருங்கள். அடக்கமுடைமை, பொறையுடைமை என்று உடைமைகள் இருக்கும் அதே வரிசையில் அழுக்காறாமை, புறங்கூறாமை, கள்ளாமை, வெகுளாமை என்று ஆமைகளும் கூட்டமாக வருகின்றன. புறம்பேசாதே என்பதை நேர்மறையாக எழுதப் போனால் "அனைவரைப் பற்றியும் ஆக்கபூர்வமாகப் பேசுவோம்" என்று ஏதாவது வழவழா வாக்கியம்தான் வரும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் "புறம்பேசாதே" நொடியில் புரியும். குணத்தின் பெயர் நேர்மறையாக இருக்கட்டும், கீழே வருகிற வரி எப்படித் தெளிவாக இருக்குமோ அப்படி இருக்கட்டும்.

யார் எழுத வேண்டும்? பொறுப்பாளர்களா, பிள்ளைகளா?

இருவரும், ஆனால் பிள்ளைகள் முதலில். 1989ஆம் ஆண்டின் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவில், தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு என்றும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்றார், அதில் ஒன்றுக்கு அலங்காரம் என்று பெயர். பெரியவர்கள் எழுதி முடித்த தாளில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கிப் புகைப்படம் எடுப்பது அந்த வகைதான்.

நல்ல குணங்களைச் சொல்லுங்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பார்கள், அன்பு, கருணை, நாட்டுப்பற்று என்று பலகை நிறைந்துவிடும். சின்னத் துண்டுத் தாள் கொடுத்து, பெயர் போடாமல், "இந்தக் குழுவில் உனக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது எப்போது?" என்று எழுதச் சொல்லுங்கள். வருகிற பதில்களைத் தரையில் பரப்பி ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து வைத்தால் நாலைந்து குவியல்கள் வரும், ஒவ்வொரு குவியலுக்கும் எதிர்க்குணம் எது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். பெரியவர்கள் சேர்க்க வேண்டியது பாதுகாப்பு, பணம், சட்டம் இந்த மூன்றில் பிள்ளைகளுக்குத் தெரியாததை மட்டும்.

பெரியவர்களுக்கும் இதே விதிதானா?

இதே விதி, கூடவே இன்னும் கடுமையாகச் சில. இதை எழுதாமல் விட்டால் மற்ற எதை எழுதியும் பயனில்லை என்பது என் கருத்து. அமெரிக்கச் சாரணர் அமைப்பின் பன்னிரண்டு குணங்களில் முதலாவது நம்பகம், 1911 முதல் அதுதான். அந்த அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது, சிறு வயதில் அங்கே பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானோம் என்று 82,000க்கும் மேற்பட்டவர்கள் கோரிக்கை தாக்கல் செய்தார்கள், 246 கோடி டாலர் இழப்பீட்டுத் திட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் மனப்பாடமாகச் சொன்ன குணங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. பெரியவர்களைக் கட்டுப்படுத்துகிற முறைகள்தான் காப்பாற்றும்.

அந்த முறைகள் சாதாரணமானவை. எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருப்பதில்லை. இரவு தங்கும்போது பெரியவர்களுக்குத் தனி இடம். ஒரு பிள்ளைக்குத் தனிச் செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் பெற்றோரையோ இன்னொரு பொறுப்பாளரையோ சேர்த்தே அனுப்புவது. இதெல்லாம் என்னைச் சந்தேகப்படுவதாகாதா என்று கேட்கிற பெரியவரிடம், ஆமாம், எல்லாரையும் ஒரே அளவுக்கு, என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். நல்லவர்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு, வீண் பழி வந்தால் பக்கத்தில் சாட்சி இருக்கும்.

வாட்ஸ்அப் குழுவுக்குத் தனி விதி வேண்டுமா?

தனிக் குணம் வேண்டாம், தனி வரிகள் வேண்டும். ஒருவரின் படத்தை அவரைக் கேட்காமல் போடுவதில்லை, ஸ்டிக்கராக மாற்றுவதில்லை. நேரில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அங்கே எழுதுவதில்லை. இரவு பத்துக்கு மேல் அவசரம் தவிர வேறெதுவும் இல்லை. ஒருவரை மட்டும் விட்டுவிட்டு "அவன் இல்லாத குரூப்" ஒன்று தொடங்குவது அரவணைப்பை மீறுவது என்று எழுதிவையுங்கள், அதைத்தான் முதலில் செய்வார்கள்.

யாராவது மீறினால்?

படிகளாக வையுங்கள். முதலில் தனியாகப் பேசுவது, எல்லார் முன்னாலும் வேண்டாம். அடுத்து, பாதிக்கப்பட்டவருக்குச் சம்மதம் என்றால் அவரோடு உட்கார்ந்து எதைச் சரிசெய்யலாம் என்று பார்ப்பது. அதற்கடுத்துப் பெற்றோர், பிறகு கொஞ்ச நாள் விலக்கி வைப்பது. தோப்புக்கரணம், முட்டி போடுவது, கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்க வைப்பது இவை எதுவும் வேண்டாம். மரியாதை என்று மேலே எழுதிவிட்டு அவமானத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் விதித்தாள் தன்னைத் தானே மீறுகிறது.

அடி, பாலியல் தொந்தரவு, திருட்டு போன்றவை இந்தப் படிகளுக்குள் வரவே கூடாது. அவை நேரே பெற்றோருக்கும் சட்டப்படி யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவர்களுக்கும் போக வேண்டும். குழுவுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், விசுவாசம் பற்றிய பதிலை இன்னொருமுறை படியுங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றலாம்?

வருடத்துக்கு ஒருமுறை, புதியவர்கள் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு. பழையவர்கள் கண்ணுக்குப் பழகிப்போன ஓட்டைகள் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த வருடத்தில் ஒருமுறைகூட யாரும் எடுத்துப் பேசாத வரி ஏதாவது இருந்தால் அடித்துவிடலாம், பாதுகாப்பு வரிகளைத் தவிர.